கப்பல் நாள் தாள்கள்

எண்ணூர், தாழங்குப்பம்
ஜூன் 9

தம்பி அர்ஜுனுக்கு அக்கா பச்சையம்மா எழுதுவது.

நாங்கள் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். நொய்டா வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் பேசினால் நமக்கு நாலாவது நிமிஷம் சண்டை வருகிறது. போன மாதம் நீ கப்பலில் கேஸ் வந்தால் நாட்டுக்கு நல்லது என்றாய். நான், "நாட்டுக்கு நல்லது, சரி. எங்க முகத்துவாரத்துக்கு இன்னா நல்லது?" என்று கேட்டேன். பட்டென்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது, கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆகவேண்டும்.

உன் கேஸ் கப்பல் 2ஆம் தேதி வந்தது, 4ஆம் தேதி போனது. முதுகில் நாலு இட்லியைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருப்பதால் குப்பத்தில் அதற்கு இட்லி கப்பல் என்று பேர். அது உள்ளே வரும்போதும் போகும்போதும் ரோந்துப் படகு வந்து எல்லாரையும் விரட்டுகிறது. உன் மாமா காலையில் போட்ட வலையை அப்படியே விட்டுவிட்டு ஃபைபர் படகைத் திருப்பிக்கொண்டு வந்தார். மறுநாள் போனால் வலையில் பாதி இல்லை. இறால் ஓடுகிற நாளாகப் பார்த்துத்தான் உன் கப்பலும் வருகிறது.

உன் வேலைதான் என்ன என்று பக்கத்து வீட்டுச் செங்கொடி கேட்டாள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் பெரிய வேலை என்று சொல்லிவைத்தேன். விவரமாக எழுது.

உன் கடிதத்துக்குத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அக்கா.


நொய்டா
ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். நீ, மாமா எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? சாப்பாடு பரவாயில்லை, மீன்தான் கிடைப்பதில்லை. கிடைப்பதை மீன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் வேலையைச் செங்கொடி அக்காவுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். வாரம் ஒருமுறை நாங்கள் ஓர் அறிக்கை எழுதுகிறோம். அடுத்த ஆறு வாரத்தில் எந்தப் பகுதிக்கு எவ்வளவு எரிவாயு வரும், விலை ஏறுமா இறங்குமா என்று. நான் பார்ப்பது நம் பக்கம், அதாவது சென்னையும் சுற்று வட்டாரமும். தொழிற்சாலைகள் அதை வாங்கிப் படித்துவிட்டு, இப்போதே வாங்கலாமா, பொறுக்கலாமா, ஒரு ஷிப்டைக் குறைக்கலாமா என்று முடிவு செய்வார்கள். கப்பல் கேஸ் காசிமேட்டு மீன் ஏலம் மாதிரிதான். எங்கேயோ குளிர் அதிகமானால் அந்த ஊர்க்காரன் கூட விலைக்குக் கேட்பான், இங்கே வரவேண்டிய கப்பல் நடுக்கடலில் தலையைத் திருப்பிக்கொண்டு போய்விடும்.

கிளி ஜோசியம்தான் அக்கா. கிளிக்குப் பதில் கம்ப்யூட்டர் சீட்டு எடுக்கிறது. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரம் செய்வார்கள். எங்கள் மேலதிகாரி ரூஹி மேடம் நல்லவர், ஆனால் தப்பான கணிப்பை மறக்கமாட்டார்.

இனி கடிதம் எழுதும்போது கப்பல் எந்த நாள் வந்தது, எந்த நாள் போனது என்று கட்டாயம் எழுது. கடற்கரையில் உட்கார்ந்து கேட்பது போல இருக்கிறது.

அன்புடன்,
அர்ஜுன்.


தாழங்குப்பம்
ஜூலை 12

தம்பிக்கு,

கை கால் சுகம். உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தார். "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ற பல்லி கழுநீர்ப் பானைல வுழுந்துச்சாம். உன் தம்பிய பாத்து வுழ சொல்லு" என்றார். கோபித்துக்கொள்ளாதே, உன்மேல் பிரியம் வந்தால்தான் அவர் கிண்டல் செய்வார்.

கப்பல் நாள் கேட்டாயே, அதற்கு நான் யோசிக்கவே வேண்டாம். ஊர்ப் பஞ்சாயத்தில் கப்பலால் தொழில் போன நாட்களுக்கு மனு கொடுக்கப் போகிறார்கள். யார் சொன்னாலும் ஆபீசில் நம்பமாட்டார்கள் என்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தினத்தாள் காலண்டரில் மற்ற நாள் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுகிறேன். கப்பல் நாள் தாளை மட்டும் ரேஷன் ரசீது குத்துகிற கம்பியில் குத்தி வைக்கிறேன். இப்போது நாலு வீட்டில் இப்படித்தான் செய்கிறார்கள்.

ஜூன் 17, 19. ஜூலை 1, 3, 9, 11. இவ்வளவுதான் கம்பியில் இருக்கிறது. வரும்போது தண்ணீரில் அமிழ்ந்து வருகிறது. போகும்போது அடியில் சிவப்புப் பூச்சு ஓர் ஆள் உயரத்துக்குத் தெரிகிறது. 9ஆம் தேதி வந்தது மட்டும் வெளியே மூன்று நாள் நின்றுவிட்டு உள்ளே வந்தது.

எனக்குப் பத்து நாளாக வலது தோளில் வலி. மீன் கூடையை இடது பக்கம் மாற்றிக்கொண்டேன். மருந்து எண்ணெய் தேய்க்கிறேன்.

இறால் இல்லாத குழம்பு வைத்துக்கொண்டிருக்கும்,
அக்கா.


நொய்டா
ஜூலை 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? மாமா நலமா? நான் நலம்.

உன் கடிதம் எவ்வளவு உதவியாக, அதாவது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? எங்கள் திரையில் கப்பல் வெளியே நிற்பது தெரியும். அது உள்ளே வந்து இறக்கியதா, பாதி இறக்கியதா, வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டதா என்று சில நாள் சரியாகத் தெரியாது. அந்தச் சிவப்புப் பூச்சை மறக்காமல் எழுது.

போன வாரம் வரத்து அதிகமாகும், விலை கொஞ்சம் இறங்கும் என்று எழுதினேன். மற்ற எல்லோரும் ஏறும் என்றார்கள். இறங்கியது. ரூஹி மேடம் எல்லோர் முன்னாலும் என் பெயரைச் சொன்னார்.

ஒரு வேண்டுகோள். நீளமாக எழுத நேரமில்லை என்றால் வாராவாரம் ஒரு தபால் அட்டை போதும், நாட்களை மட்டும் எழுது. திங்களன்று போட்டால் வெள்ளிக்குள் எனக்குக் கிடைத்துவிடும். வெள்ளிக்கிழமைதான் வசதி.

அன்புடன்,
அர்ஜுன்.


தாழங்குப்பம்
ஆகஸ்ட் 25

தம்பிக்கு,

கை கால் சுகம், என் தோளைத் தவிர. நாலு அட்டையும் கிடைத்திருக்கும். இது ஐந்தாவது, எழுத நிறைய இருந்ததால் கடிதமாகிவிட்டது.

இந்த மாதம் கம்பியில் பத்துத் தாள். வாரத்துக்கு ஒரு கப்பலுக்கு மேலேயே வருகிறது. முன்பெல்லாம் ரோந்துப் படகு வந்தால் உன் மாமா திரும்பிவிடுவார். இப்போது அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கப்பல் தூரத்தில் தெரியும்போதே ஓடிப்போய் வலையை வாரிக்கொண்டு வருகிறார். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். "என் வலைய நான் எடுக்காம கப்பலாண்ட வுட்டுட்டு வர சொல்றியா? இன்னொரு வலைக்கு நான் எங்க போவேன்?" என்றார். அவர் போன பிறகு படகு திரும்பும்வரை நான் கரையை விட்டு நகர்வதில்லை.

நீ அங்கே எழுதுகிற ஜோசியத்தில் அடுத்த மாதம் கப்பல் அதிகமா குறைவா? அதை மட்டும் சொல். குறைவு என்றால் மாமாவை நாலு நாள் பொறுத்துப் போகச் சொல்வேன்.

இன்னொன்று. சிவப்புப் பூச்சை ஏன் இப்படி விழுந்து விழுந்து கேட்கிறாய்? பெயின்ட் கம்பெனி ஏதாவது ஆரம்பிக்கிறாயா?

பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா.


நொய்டா
செப்டம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே? உன் ஆகஸ்ட் கடிதத்துக்கு உடனே எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள். வேலை நெருக்கியது.

செப்டம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு உன் அட்டை ஒன்றுகூட வரவில்லை. முதலில் தபாலில் தொலைந்ததோ என்று நினைத்தேன், பிறகு புரிந்தது. கப்பல் இல்லை, அதனால் எழுத ஒன்றுமில்லை. எங்கள் திரையிலும் இரண்டு கப்பல் வெளியே நின்றுகொண்டேயிருந்து பிறகு காணாமல் போயின. ரூஹி மேடம் கரையிலிருந்து என்ன செய்தி என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.

நீ கேட்டாயே, கப்பல் குறைவுதான் அக்கா. அடுத்த ஆறு வாரத்துக்கும் குறைவாகவே இருக்கும் என்றுதான் எழுதியிருக்கிறேன். மாமாவுக்கு இப்போது முகத்துவாரம் முழுக்க அவருடையதாக இருக்கும். இறால் குழம்பு மணம் இங்கே வரை வருகிறது.

நல்ல செய்தி: ஆறு மாதக் கெடு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே என் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

அன்புடன்,
அர்ஜுன்.


தாழங்குப்பம்
அக்டோபர் 17

தம்பிக்கு,

எல்லாரும் இருக்கிறோம். வேலை நிரந்தரமானது சந்தோஷம். மாமாவிடம் சொன்னேன், அவருக்கும் சந்தோஷம்.

மழை பிடித்துக்கொண்டது. படகைச் செங்கொடி வீட்டுக்காரர் எபினேசரின் தம்பி ஓட்டுகிறான். மாமா வீட்டில்தான் இருக்கிறார்.

திருவொற்றியூரில் கண்ணாடி பாட்டில் செய்கிற கம்பெனி ஒன்று இருக்கிறதே, கேஸில் எரிகிற சூளை. அந்த மாதிரி இடத்தில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் நிலைக்குமா? தெரிந்தால் எழுது.

அக்கா.


தாழங்குப்பம்
நவம்பர் 6

தம்பி அர்ஜுனுக்கு,

போன கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. வராமலே இதை எழுதுகிறேன். எழுதக்கூடாது என்று மாமா சத்தியம் வாங்கியிருந்தார். உன் வேலை நிரந்தரமாகிற நேரம், கேட்டால் லீவு போட்டுவிட்டு ஓடிவருவாய் என்றார். இன்றைக்கு அந்தச் சத்தியத்தை உடைக்கிறேன்.

செப்டம்பர் 11 அன்று கப்பல் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. மாமா வலையை அவசரமாக வாரினார். வலைக்கயிறு ஒரு பக்கம் கையில் சுற்றிக்கொண்டது, இன்னொரு பக்கம் எஞ்சின் விசிறியில் மாட்டிக்கொண்டது. யார்மேலும் குற்றம் இல்லை. ரோந்துப் படகுக்காரர்கள்தான் அவரைத் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ராயபுரத்தில் பெரியாஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் இருந்தோம். வலது கையில் இரண்டு விரல் இல்லை. மூன்றாவது மடங்காது. அந்தக் கையால் இனி வலை இழுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாமா மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அப்புறம் எபினேசர் வந்தார். அவர் அந்தக் கண்ணாடி கம்பெனியில் சூப்பர்வைசர். பாட்டில் ஓடிவரும்போது பின்னால் வெளிச்சம் வைத்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கிற வேலை இருக்கிறது, உட்கார்ந்தே செய்யலாம், ஒரு கையே போதும் என்றார். "கண்ணுதான் மூலதனம். ஒரு காதம் தள்ளிக் கப்பல பாக்கற கண்ணு, விரிசல பாக்காதா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் உன் மாமா எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டார். நவம்பர் 1 சேரவேண்டும். நான் சட்டை தைக்கக் கொடுத்தேன்.

31ஆம் தேதி எபினேசர் வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. கேஸ் வரத்து குறையப் போகிறது, விலை ஏறப் போகிறது என்று டெல்லிப் பக்கத்திலிருந்து ஓர் அறிக்கை வந்ததாம். அதை நம்பிக் கம்பெனியில் இரண்டு சூளையில் ஒன்றை ரிப்பேருக்கென்று ஆறவிட்டுவிட்டார்கள். ஆறின சூளையை மறுபடி ஏற்றப் பொங்கல் தாண்டுமாம். புதிதாக யாரையும் எடுக்கவில்லை. தைத்த சட்டை ஆணியில் தொங்குகிறது. மாமா மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. கப்பல் எங்கே குறைந்தது? ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து கடல் தெரியாவிட்டாலும் செங்கொடி வந்து வந்து சொன்னாள். செப்டம்பரில் வந்த மாதிரி எந்த மாதமும் வரவில்லை. நீ அந்தத் தொழிலில் இருக்கிறவன், உனக்குத் தெரிந்திருக்கும். இந்த அறிக்கையை எழுதின மகராசன் யாரடா? அவனை ஒருதரம் பார்த்து, எதைப் பார்த்து எழுதினாய் என்று கேட்கவேண்டும்.

அக்கா.


நொய்டா
நவம்பர் 15

அக்கா,

நான்தான்.

உன் கடிதத்தை அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். அந்த அறிக்கையை எழுதியது நான். ஜூனிலிருந்து உன் கடிதங்களை வைத்துத்தான் எழுதினேன். கடற்கரையில் உட்கார்ந்து கேட்பது போல இருக்கிறது என்று சொன்னதெல்லாம் பாதிப் பொய். உன்னிடம் சொன்னால், கப்பலை எதிர்த்து மனு கொடுக்கிறவள் அந்தக் கப்பல்காரர்களுக்கே கணக்குச் சொல்லமாட்டேன் என்று நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன்.

செப்டம்பரில் உன் அட்டை வரவில்லை. வராததையே செய்தியாக எடுத்துக்கொண்டேன். அட்டை இல்லை, ஆகவே கப்பல் இல்லை என்று முடிவு கட்டினேன். ரூஹி மேடம் உறுதியா என்று இரண்டு தடவை கேட்டார். உறுதி என்றேன். ஒரு போன் போட்டிருந்தால் போதும். நாலாவது நிமிஷச் சண்டைக்குப் பயந்து அல்ல, வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில் போடவில்லை. மாமா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில்தான் நான் இறால் குழம்பு பற்றி எழுதியிருக்கிறேன். அந்த வரியை நினைத்தால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் பெயரிலேயே திருத்தம் வெளியிட்டோம். வேலையை எடுக்கவில்லை, நிரந்தரத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அது எனக்குப் பெரிதில்லை. ஆறின சூளையைத் திருத்தம் போட்டுச் சூடாக்க முடியாது.

மாமா சொன்ன பல்லி நான்தான். பானையில் விழுந்ததோடு விடாமல் உங்களையும் உள்ளே இழுத்துவிட்டேன். மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீயே சொல். அல்லது சொல்லாதே. உன் இஷ்டம்.

அர்ஜுன்.


தாழங்குப்பம்
டிசம்பர் 10

தம்பிக்கு,

மூன்று வாரம் எழுதவில்லை. கப்பல் இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம் இருந்தது.

மாமாவிடம் சொன்னேன். "நாந்தான் எழுத வேணாம்னு சொன்னேன். பாதி தப்பு என்மேல கீது" என்றார். மனசு பெரிசு அவருக்கு. எனக்கு அவ்வளவு பெரிசு இல்லை, அதனால் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

நீ என் கணக்கை எடுத்து எழுதியதில் எனக்குக் கோபம் இல்லை. கேட்டிருந்தால் திட்டிவிட்டுக் கொடுத்திருப்பேன். தோள் வலி என்று இரண்டு கடிதத்தில் எழுதினேன். எப்படி இருக்கிறாய் என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாய், பதிலுக்கு நிற்காமல் கப்பலுக்கு ஓடிவிட்டாய். கை கால் சுகம் என்று எழுதாமல் நான் கடிதம் தொடங்கியதே இல்லை. நம் அம்மா அப்படித்தான் பழக்கினாள். அக்டோபரில் அதை எழுதப் பேனா வரவில்லை. பொய்யும் எழுதவில்லை, நிஜமும் எழுதவில்லை, இடத்தை விட்டுவிட்டேன். நீ பார்ப்பாய் என்று நினைத்தேன். ஆறு மாதம் என் கடிதத்தை வரிவரியாகப் படித்தவனுக்கு அது மட்டும் கண்ணில் படவில்லையே என்றுதான் அழுதேன்.

இதோடு பன்னிரண்டு தாள் வைத்திருக்கிறேன். செப்டம்பர் மாதக் கம்பியிலிருந்து எடுத்தது. 11ஆம் தேதித் தாளில் இருக்கிற கறை துருவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது, மாமாவின் ரத்தம் காயாத என் கை தானாகத் தாளைக் கிழித்துக் குத்தியிருக்கிறது. அதற்குப் பிறகு வந்ததைச் செங்கொடி குத்தி வைத்தாள். ஊர் மனுவுக்கு எடுத்துக்கொண்டுபோய்ப் படம் பிடித்துவிட்டார்கள், அதனால் உனக்கு அனுப்பலாம். உன் மேடத்திடம் காட்டு. யார் பார்த்த கணக்கு என்று பேரோடு சொல். செல்வம் என்று மாமா பேரைச் சொல்லு, என் பேர் வேண்டாம். முதலில் கப்பலைப் பார்க்கிறது அவர் கண்தான்.

மாமா இப்போது காலையில் முகத்துவாரம் வரை நடக்கிறார். இடது கையால் டீ கிளாஸ் பிடிக்கப் பழகிவிட்டார். பொங்கலுக்குப் பிறகு கூப்பிடுவதாக எபினேசர் சொல்லியிருக்கிறார். சட்டையை ஆணியிலிருந்து எடுத்து மடித்து வைத்தேன். ஆணியில் இருந்தால் பார்த்துக்கொண்டேயிருக்கிறார்.

இன்னொரு காரியம் செய்கிறேன். இந்த மாதத்திலிருந்து கப்பல் வராத நாள் தாளையும் அடுப்பில் போடுவதில்லை. வேறொரு கம்பியில் குத்துகிறேன். அந்த நாட்களிலும் நாங்கள் இங்கேதான் இருந்தோம்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் பதில் எழுதாதே, போன் போடு. மாமா எடுப்பார். நாலாவது நிமிஷம் சண்டை வந்தால் வரட்டும், நீ வைக்காதே.

நாலு கால் சுகத்தோடு, மூன்று கை சுகத்தோடு,
உன் அக்கா.